ஐந்தாம் மாதத்துப் பிள்ளை

அக்கிராசனர் பொன்னுரங்கம் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே!

டாக்டர் கெங்கம்மா போய்விட்டார். டைபாய்டு காய்ச்சல். இதற்கு நான் என்ன சமாதானம் சொல்ல? இந்த லோகநாதன் வாயைத் திறந்தால் சண்டைதான் என்று அந்த அம்மையார் அடிக்கடி சொல்வார். இன்று சண்டை போட அவர் இல்லை.

புளியந்தோப்பில் பௌத்தக் குடும்பத்தில் பிறந்து, எம்.டி. பட்டத்துக்கு என்னோடு படித்தவர். அவருடைய ஆராய்ச்சி என்ன? கருப்பையில் சிசு மாதாமாதம் எப்படி வளர்கிறது? மூட்டை சுமக்கிற பெண்ணின் வயிற்றில் அது ஏன் இளைத்துப்போகிறது? இதை அறியக் கலைந்துபோன கருக்களை அளந்து பார்க்க வேண்டும். மற்ற மாதங்களெல்லாம் கிடைத்தன. ஐந்தாம் மாதம் மட்டும் சிதையாமல் கிடைக்கவில்லை. அது இல்லாமல் அந்த வருஷம் பட்டமில்லை என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் வியாகுலம்மாள் எங்கள் பிரசவ வார்டில் வந்து சேர்ந்தார். அதோ, தூணோரம் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அவரைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஐந்தாம் மாதம், கரு தங்கவில்லை. பிள்ளை சிதையாமல் வந்துவிட்டது. கருவைக் கெடாமல் வைக்கும் மருந்து ஊற்றிய ஜாடி மேஜையில் தயாராக இருந்தது. நான் கதவருகே நின்றிருந்தேன்.

"டாக்டரம்மா, உசுரு கீதா?"

கெங்கம்மா விரலை வைத்துப் பார்த்தார். "இருக்கு. ஆனா நிக்காதும்மா."

"அப்போ சீக்கிரம் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடு. இல்லாங்காட்டி கல்லறை மதிலுக்கு வெளியில பொதைச்சிடுவாங்க."

"நான் உங்க வேதக்காரி இல்லையே, அம்மா!"

"ஆபத்துக்கு யாரு ஊத்தினாலும் செல்லும்னு சாமியாரே சொல்லிக்கீறாரு. செபத்த நான் சொல்றேன், கூடவே சொல்லு."

மகாஜனங்களே! தண்ணீர் ஊற்றினால் அந்தப் பிள்ளைக்குப் பெயர் உண்டு, மதிலுக்குள்ளே குழி உண்டு. உடனே புதைக்கக் கொடுத்தாக வேண்டும்; ஜாடிக்கும் அளவுகோலுக்கும் அது இல்லை. தயங்கினாரா? ஒரு கணம்கூட இல்லை! கையால் தண்ணீர் அள்ளி ஊற்றினார். அந்தத் தாய் சொல்லச் சொல்லச் செபத்தைச் சொன்னார். இக்னேஷியஸ் என்று பெயரிட்டார். சிறிது நேரத்தில் பிள்ளை அடங்கிவிட்டது. தாமே துணியில் சுற்றி, வெளியே காத்திருந்த தகப்பன் கையில் கொடுத்தார்.

"உம்முடைய பட்டம் போயிற்றே, அம்மணி!" என்று நான் கத்தினேன்.

"பட்டம் எங்கேயும் ஓடிடாது. அந்தப் பிள்ளைக்கு வேற நேரம் ஏது?" என்றார். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் வியாகுலம்மாள் சும்மா இருந்தாரா? தாயைக் கேட்காமல் பிள்ளையை எடுக்காத டாக்டரம்மா என்று, மீன் விற்கப் போன குப்பமெல்லாம் சொன்னார். ஒரு நாள் நெட்டுக்குப்பத்திலிருந்து பூவம்மா என்கிற அம்மாள் கால்வாய்ப் படகில் வந்து இறங்கினார். மடியில் ஒரு சின்னத் துணிப்பொட்டலம்.

"எம் மருமவ குடுத்தனுப்பிச்சா. நீ கேட்டுத்தான் எடுப்பியாமே? பாத்துட்டுக் குடு, பொதைக்க எடுத்துக்கினு போறேன்."

அதுவும் ஐந்தாம் மாதம். கெங்கம்மா அளந்தார், படம் வரைந்தார், அதே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். மறு வருஷம் பட்டம் வந்தது. நிறைமாதம்வரை சுமை தூக்கும் தாயின் வயிற்றில் சிசு எவ்வளவு இளைக்கிறது என்று இன்று நாம் எடுத்துச் சொல்கிறோமே, அது இப்படித் தங்கள் கருவைத் தந்த தாய்மார்களால் தெரிந்தது.

பட்டத்துக்குப் பிறகும் தொடர்ந்து அவர் பாதியில் விட்டுப்போன ஆராய்ச்சியை நான் எடுத்து நடத்துவேன். தாயைக் கேட்காமல் எங்கள் வார்டில் ஒரு ஜாடியும் நிரம்பாது. இது இந்தச் சபைக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்னொன்றும் உண்டு. கல்லறைத் திருநாள்தோறும் கெங்கம்மா ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போவார். எங்கே என்று கேட்டால், "எம் பிள்ளையைப் பார்க்க" என்பார். இந்த வருஷம் அதை நான் கொண்டுபோகிறேன். வியாகுலம்மா, எனக்கு அந்த இடம் தெரியாது. நீங்கள் கூட வந்து காட்ட வேண்டும்.