சத்தம் நின்னா முழிப்பு

— நுரையோட நிக்குது பெட்ஷீட் பூரா. குழாயைத் திறக்கிறேன், காத்துதான் வருது. புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு என் மூஞ்சியையே பாக்குறாங்க.

— உன் மூஞ்சியை எதுக்குப் பாக்கணும்?

— எதுக்கா? ஊருக்கே தண்ணி திறந்துவிடுற மகராசன் யாரோட வீட்டுக்காரர்? எங்க சூப்பர்வைசர் அம்மா கேக்குறாங்க, "என்னம்மா, ஐயா இன்னும் கண்ணைத் திறக்கலையா?"ன்னு. நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கிறது?

— வால்வு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு...

— ஆமா, பெரிய வால்வு. உங்க கண்ணு இமைதான் இறுக்கமா இருந்துச்சு. நாலரைக்குத் திறக்க வேண்டியதை வெயில் ஏறினப்புறம் திறந்தா ஊரு என்னங்க பண்ணும்?

— சரி, சரி. கேளேன். இன்னைக்கு இன்ஜினியர் கூப்பிட்டாரு.

— திட்டினாரா?

— திட்டியிருந்தா பரவாயில்லையே. உக்காரச் சொன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு.

— ஐயய்யோ!

— நானும் அதான் நினைச்சேன். "நீ நல்ல வேலைக்காரன்ப்பா, மோட்டார் உன் பேச்சைக் கேக்கும். ஆனா ஊரு காத்துக்கிட்டு இருக்காது. நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். நாளைக்கும் லேட்டுன்னா அணைக்கட்டு பம்ப் ஹவுஸுக்கு மாத்திடுவேன்"னாரு.

— அணைக்கட்டுக்கா? அங்க போனவங்க மாசத்துக்கு ஒரு தடவைதானே வீட்டுக்கு வர்றாங்க?

— ம். அங்கயே தங்கணும். ஒத்தை ஆளு ரூம். என்னம்மா, என்ன பண்றே?

— ஒண்ணுமில்லை. தலைகாணி உறை மடிச்சுக்கிட்டிருக்கேன்.

— அதையேதான் மடிச்சுப் பிரிச்சு மடிச்சுக்கிட்டிருக்கே.

— போனா போங்க. அங்கயாவது நிம்மதியாத் தூங்கலாம். தொந்தரவு பண்ண ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

— இதென்ன பேச்சு? நான் என்ன ஆசைப்பட்டா போறேன்? எனக்கு இந்த வீட்டை விட்டுட்டு அங்க ஒரு வாய் சோறு இறங்குமா?

— சும்மா இருங்க. சோறு எங்க இருந்தாலும் இறங்கும் உங்களுக்கு.

— சரி, அதை விடு. நாளைக்கு எழுந்தாகணும். ஒரு வழி சொல்லேன்.

— செய்யாத வழி எதுங்க பாக்கி? தலைமாட்டுல ஒரு அலாரம். அது போதாதுன்னு இன்னொண்ணை எவர்சில்வர் குண்டான்ல போட்டு வெச்சேன், கணகணன்னு அதிரட்டும்னு. பக்கத்து வீட்டுத் தையல்காரர் பதறி எழுந்து வந்து கதவைத் தட்டினாரு. நீங்க புரண்டுகூடப் படுக்கலை.

— தையல்காரருக்குத் தூக்கம் கம்மி.

— நான் நாலு மணிக்குக் கிளம்பும்போது உலுக்கிட்டுத்தானே போறேன்? கேட்டதுக்கெல்லாம் பதில் வேற. "எழுந்தாச்சா?" "ஆச்சு." "பல்லு விளக்கியாச்சா?" "ஆச்சு." "வால்வு?" "திறந்தாச்சு." கண்ணு மட்டும் மூடியே இருக்கு!

— நானா சொன்னேன்?

— இல்லை, தலைகாணி சொல்லுச்சு. முந்தாநாள் மூஞ்சியில தண்ணி தெளிச்சேனே, என்ன பண்ணீங்க தெரியுமா?

— என்ன பண்ணேன்?

— "லீக்கு, நட்டை இறுக்கு"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க.

— ஹஹ்ஹா! நிஜமாவா?

— சிரிக்காதீங்க.

— அட, நீ சொன்னதுக்குத்தானே சிரிச்சேன்.

— இப்பெல்லாம் நீங்க சிரிச்சா எனக்குப் பிடிக்கலை.

— சிரிப்பு மேல என்ன கோவம்?

— ஒண்ணுமில்லைன்னா விடுங்களேன்.

— அப்ப ஒண்ணு பண்றேன். ராத்திரி தூங்காமலே உக்காந்துடுறேன்.

— அதையும்தான் பண்ணீங்களே. சட்டை பேன்ட் ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்தீங்க. நான் எழுந்து பாக்குறேன், ஷூவோட படுக்கையில கிடக்குறீங்க. டியூட்டிக்கு உடுப்பு ரெடி, ஆளு மட்டும் ரெடியில்லை.

— நாற்காலியில முதுகு வலிச்சுதும்மா. உனக்குத் தெரியாதா முதுகுவலி?

— ...தெரியும், தெரியும்.

— என்ன, பல்லைக் கடிக்கிறே?

— ஒண்ணு கேக்குறேன். நடுவுல ஒரே ஒரு நாள் தானா முழிச்சீங்களே, போன வாரம் ராத்திரி கரண்ட் போச்சே, அன்னைக்கு. எப்படி?

— அதை ஏன் கேக்குறே! பாதி ராத்திரியில பட்டுன்னு முழிப்பு. விடியப்போகுதுன்னு நினைச்சுக்கிட்டு அவசர அவசரமா ஓடுறேன். வாட்ச்மேன் மூஞ்சியில டார்ச் அடிச்சு "எவன்டா அவன்?"ங்கிறான். அப்புறம் அவன்தான் மணியைக் காட்டினான்.

— கரண்ட் போனா உங்களுக்கு ஏன் முழிப்பு வருது?

— ஃபேன் நின்னிருக்கும். வேர்த்திருக்கும்.

— இந்தக் குளிர்ல யாரு ஃபேன் போட்டா?

— ...அதுவும் சரிதான்.

— முன்னாடியெல்லாம் எப்படிங்க எழுந்தீங்க? கல்யாணம் ஆனதுலேர்ந்து நம்ம வீட்டுல அலாரம்னு ஒண்ணே கிடையாதே. நான் எழுந்து போய் அடுப்பைப் பத்தவைக்கிறதுக்குள்ள கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பின்னாடி வந்து நிப்பீங்க.

— எனக்கே புரியலை. வயசாகுதோ என்னமோ.

— அதுக்கும் முன்னாடி? நைட் ஷிப்ட் பாத்தீங்களே, அப்ப?

— மோட்டார் ரூம்ல அலாரம் எதுக்கும்மா? அங்க எல்லாரும் ஒரே மாதிரிதான். மோட்டார் ஓடுறவரைக்கும் பக்கத்துலயே சாஞ்சு தூங்கலாம். காதைப் பிளக்கும். ஆனா சத்தம் இருந்தா எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். மனசு அமைதியாயிடும். நின்னுச்சுன்னு வையி, அடுத்த நொடி அத்தனை பேரும் எழுந்து நிப்போம்.

— இருங்க, இருங்க. சத்தம் நின்னாதான் முழிப்பீங்களா?

— ஆமா. எங்க ஆளுங்க எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்.

— அட என் அறிவுக்கொழுந்தே! அப்ப அலாரம் அடிக்க அடிக்க நீங்க நல்லாத்தானே தூங்குவீங்க?

— ...அட!

— உங்களை எழுப்புறேன்னு நினைச்சுக்கிட்டு இத்தனை நாளா நான் குண்டானை வெச்சுத் தாலாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்! தையல்காரர் தூக்கம் போனதுதான் மிச்சம்.

— கேளேன், கேளேன். அப்ப ராத்திரி பூரா ஏதாவது ஒண்ணு ஓடணும். நீ கிளம்பும்போது அதை நிறுத்திட்டுப் போகணும். அவ்வளவுதானே?

— அவ்வளவேதான். பரண்மேல பழைய டேபிள் ஃபேன் கிடக்கே, கடகடன்னு. இறக்குங்க.

— இந்தா. எத்தனை தூசி! ...ம், போடு.

— போட்டாச்சு. படுங்க. கண்ணை மூடுங்க. எப்படி இருக்கு?

— ம்ஹூம். இது ஒரே மாதிரி ஓடுது. தூக்கம் வராது.

— மிக்ஸி?

— மிக்ஸி கத்தும். கத்தக் கூடாது. எப்படிச் சொல்றது... மெதுவா ஏறணும். மேல போய் ஒரு நொடி அப்படியே நிக்கணும். நின்னேபோச்சோன்னு நமக்கு மனசு அடிச்சுக்கணும். அப்புறம் கடைசியில சின்னதா ஒரு விசில். விசில் அடிச்சுட்டு இறங்கணும்.

— உங்க மோட்டார் அப்படியா ஓடும்?

— மோட்டாரா? இல்லை... மோட்டார் அப்படி ஓடாது.

— பின்ன எது அப்படி ஓடும்?

— ...விடேன். ஃபேனே போதும்.

— விட மாட்டேன். நீங்க லேட்டாப் போக ஆரம்பிச்சது எப்பலேர்ந்து? யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? உனக்கு முதுகுவலி வந்து ஹால்ல படுக்கப் போனியே, அதுலேர்ந்துதான்.

— எனக்கு முதுகுவலியே கிடையாது.

— என்னது?

— கிடையாது. வந்ததும் இல்லை. உங்க அக்கா குடும்பம் வந்து தங்கினாங்களே, அப்ப உங்க அக்கா பொண்ணு நான் குறட்டை விடுறதைப் போன்ல பிடிச்சு, காலைல எல்லாரும் டீ குடிக்கும்போது போட்டாளே. உங்க அக்கா சிரிச்சாங்க, உங்க மச்சான் சிரிச்சாரு. அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லை. நீங்களும் சிரிச்சீங்க.

— சின்னப் பொண்ணு வேடிக்கையாப் போட்டுச்சுன்னு...

— கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சீங்க. என் குறட்டையை அன்னைக்குத்தான் நானே முதல் தடவை கேக்குறேன். எருமை கனைக்கிற மாதிரி இருக்கு. இவ்வளவு வருஷம் இந்த மனுஷன் இதை எப்படித்தான் பொறுத்துக்கிட்டாரோன்னு எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அதான் போர்வையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போனேன். நீங்களாவது நிம்மதியாத் தூங்குங்கன்னு.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

— கேட்டு, "ஆமா, தாங்கலை"ன்னு சொல்லிட்டீங்கன்னா? அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ள வந்து படுக்கிறது? நீங்களும்தான் ஒரு ராத்திரிகூட உள்ள வான்னு கூப்பிடலையே.

— முதுகு வலிக்குது, தரையில படுத்தாதான் சுகமா இருக்குன்னு சொல்றவளை எப்படிம்மா எழுப்பிக் கூப்பிடுறது?

— அது போகட்டும். இன்னொண்ணு இருக்கு. கேக்கலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும்.

— கேளு.

— யாருங்க அவ?

— எவ?

— தெரியாத மாதிரி நடிக்காதீங்க. காலைல உலுக்கும்போதெல்லாம் காதுல ஒயரு. தலைகாணிக்கு அடியில போன் சார்ஜ்ல கிடக்கு, சுடச்சுட. ராத்திரி பூரா யார்கிட்ட பேசுறீங்க? என்னன்னு பாக்கலாம்னு கை வெச்சா, தூக்கத்துலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிறீங்க. வால்வு திறக்க எழும்பாத கை, அதுக்கு மட்டும் எழும்புது.

— ஐயோ, யார்கிட்டயும் பேசலை. அது... பாட்டு.

— பாட்டா? ரேடியோவுல பாட்டு வந்தாலே சேனலை மாத்துற ஆளு நீங்க. பொம்பளைக் குரலா?

— ...ஆமா. ஏய், அழாதே. அழாதேம்மா. கேளேன். இந்தா, நீயே காதுல வெச்சுப் பாரு.

— எனக்கு வேண்டாம். எடுங்க.

— எனக்காக வெச்சுப் பாரு. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். அணைக்கட்டுக்குப் போன்னாலும் போறேன்.

— ...என்னங்க இது? ஏதோ உஸ்ஸுன்னு... இருங்க. ஐயோ! இது... இது நான்தானே?

— நீயேதான்.

— அன்னைக்கு அந்தப் பொண்ணு பிடிச்சதா?

— அவங்க ஊருக்குக் கிளம்பும்போது அவகிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன். வாங்கிட்டு அவ போன்ல அழிக்கச் சொல்லிட்டேன். வேற ஒருத்தரும் அதைக் கேக்க வேண்டாம்னு.

— எதுக்குங்க? இதைப் போய் யாராவது வெச்சுக்குவாங்களா?

— நீ ஹாலுக்குப் போன முதல் ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. வீடே நின்னுபோன மாதிரி இருந்துச்சு. மோட்டார் நின்னுடுச்சோ, மோட்டார் நின்னுடுச்சோன்னு எழுந்து எழுந்து உக்காந்தேன். கதவோரமா வந்து பாத்தா, நீ சத்தமே இல்லாம சுவரைப் பாத்துப் படுத்திருந்தே. அதான் மறுநாள்லேர்ந்து இதைப் போட்டுக்கிட்டுத் தூங்குறேன்.

— நான் அன்னைக்குத் தூங்கவே இல்லைங்க.

— எனக்கு எப்படித் தெரியும்?

— அப்ப எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்களே?

— எனக்கு மட்டும் தெரிஞ்ச சத்தம்னு நினைச்சிருந்தேன். திடீர்னு நடு வீட்டுல கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சு, சிரிச்சுட்டேன். உன் முகத்தைப் பாத்திருக்கணும். பாக்கலை. அது என் தப்புதான்.

— ...இது ஒரு நிமிஷம்கூட ஓடலையே. ராத்திரி பூரா எப்படிக் கேக்குறீங்க?

— முடிஞ்சா திரும்ப முதல்லேர்ந்து வர்ற மாதிரி வெச்சிருக்கேன். சார்ஜ்ல போட்டுட்டா விடிய விடிய ஓடும். இந்தப் போனுக்கு பேட்டரி போயிடுச்சு, சார்ஜர் ஒயரைப் பிடுங்கினா அப்படியே செத்துடும்.

— அப்ப அன்னைக்கு, கரண்ட் போனப்ப...

— ம். நின்னுடுச்சு. நான் எழுந்துட்டேன்.

— மத்த நாளெல்லாம்?

— இது விடிஞ்சாலும் நிக்க மாட்டேங்குதும்மா. நீயே பக்கத்துல இருந்தா மூணரைக்குக் குறட்டையை நிறுத்திட்டு எழுந்திருப்பே, நானும் முழிச்சிருப்பேன்.