கைகளைப் பைக்குள் வைக்கச் சொன்னவருக்கு

கார்சாத்துறைக் காவல் நிலையத்தில் முப்பத்தோராண்டு கடமையாற்றி இன்று பணி நிறைவு பெறும் சார்ஜென்ட் எடெல்மிரா புஸ்தீயோ அம்மையார் அவர்களுக்கு, நிலையத்தார் நன்றி நிறைந்த நெஞ்சோடும் நடுக்கம் தீராத குரலோடும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

காவலுக்குக் கண்ணாய் நின்றவரே! கலவரத் தெருவிலும் கலங்காத கற்றூணே! மஞ்சள் நாடா ஒன்றை மதிற்சுவராய் மாற்றிய மாண்பினரே! மேயரையும் பாதிரியாரையும் வாசலிலேயே நிறுத்தி, "நீங்களும்தான் ஐயா" என்று சொன்ன வல்லவரே! வணக்கம், வணக்கம்!

உலகத்துக் காவலர் எல்லாரும் "கையை வெளியே எடு" என்று அதட்டுவார்கள். தாங்கள் ஒருவர்தான் "கை பைக்குள்ளே!" என்று அதட்டினீர்கள். கொலை நடந்த இடத்தில் கண்ணுக்கு வேலை உண்டு, கைக்கு வேலையில்லை என்பது தங்கள் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் இந்த ஊரில் ஒருவன் கையைப் பைக்குள் விட்டால் துப்பாக்கி எடுக்கத்தான் என்று தெருவே கதவடைக்கும் என்பதைத் தாங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம். பெண் காவலரின் பாவாடைச் சீருடையில் பையே இல்லாத காலத்தில், தையற்காரரிடம் சண்டை போட்டு இரண்டு பை வைத்துக்கொண்டவர் தாங்கள். சீருடையைக் கெடுத்ததாகத் தண்டனை கிடைத்தபோதும் ஒரு தையலைக்கூடப் பிரிக்கவில்லை.

உயிர் இருக்கிறதா என்று முதலில் பார், போன தடத்திலேயே திரும்பி வா, திறந்த ஜன்னலை மூடாதே, மூடிய கதவைத் திறக்காதே, அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதே, பார்த்தவர்களை ஒன்றாய் உட்கார வைத்துக் கதை பேச விடாதே என்று தாங்கள் கத்திக் கத்தியே எங்களைக் காவலர் ஆக்கினீர்கள். செத்தவர் மேசையில் இருந்த காப்பிக் கோப்பையை, "அழுக்கா இருந்துச்சு அம்மா" என்று கழுவி வைத்த கார்ப்பரல் நெமேசியோவையும் ஆளாக்கினீர்கள். இதை வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். இந்த வரியில் அவர் காது சிவக்கும், சிவக்கட்டும்.

அஞ்சாத அம்மையே! அந்த மத்தியானத்தைச் சொல்லாமல் இந்த மடல் நிறையாது.

காட்டு மரங்களைக் களவாய் வெட்டிக் கடத்துபவர்களின் பெயரை வானொலியில் சொல்லிவந்த லிசாந்த்ரோ, தம் வீட்டு முன்னறையில் சுடப்பட்டுக் கிடந்தார். தாங்கள் மட்டும் உள்ளே சென்று கழுத்தில் நாடி பார்த்தீர்கள். உயிரில்லை என்று கண்டு, போன தடத்திலேயே திரும்பினீர்கள். நெமேசியோவைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு முன்வாசலில் நாடா கட்டி நின்றீர்கள். தலைநகரிலிருந்து தடய நிபுணர்கள் வந்து சேரும்வரை அந்த வாசலுக்குத் தாங்கள் ஒருவரே பொறுப்பு.

சந்தையிலிருந்து ஓடிவந்தாள் அவர் மனைவி அம்பாரோ.

"ஈ மொய்க்குதே சார்ஜென்ட்டம்மா! ஒரு போர்வையாவது போத்த விடுங்க. நாயா அவரு, இப்படித் திறந்து போட?"

"வேண்டாம்மா. உன் புருஷன் இன்னும் பேசி முடிக்கல. நீ போத்தினா அவர் வாயைப் பொத்தின மாதிரி ஆயிடும்."

அவள் தங்களை அறைந்தாள். தெருவெல்லாம் கேட்ட அறை அது. கன்னம் சிவந்தது, கண் நிறைந்தது. கைகள் மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை. அழுகிறவளைத் தடுத்து நிறுத்துவதைப் போலப் பாவப்பட்ட வேலை இந்த உலகத்தில் வேறில்லை அம்மா.

அதன் பிறகுதான் மர வியாபாரி ரெய்னேரியோ வந்தார். தோளில் மடித்த வெள்ளைத் துணி, கையில் மெழுகுவத்தி, முதுகுக்குப் பின்னால் அவருடைய ஆட்கள். லிசாந்த்ரோ வானொலியில் சொன்ன முதல் பெயர் அவருடையது.

"ஐயோ லிசாந்த்ரோ! உன் வாசப்படிய மிதிச்சு எத்தனை வருஷம் ஆச்சுடா! உசிரோட இருந்தப்ப வரல, இப்பவாவது வரேன்டா. வழி விடுங்க அம்மா, என் கையால இதப் போத்திட்டுப் போயிடறேன்."

"நாடாவுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. கை பைக்குள்ளே, ஐயா."

அவர் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பைக்குள்ள விடச் சொல்றீங்களே, நான் எதை வெளிய எடுப்பேன்னு பயமில்லையா உங்களுக்கு?"

"பயம் இருக்கு. நிறையவே இருக்கு. இருந்தாலும் கை பைக்குள்ளேயே இருக்கட்டும்."

அவர் கையைப் பைக்குள் விட்டார். தாய்மார் பிள்ளைகளை வாரியெடுத்துக்கொண்டு ஓடினார்கள். தெருவின் இரைச்சல் சட்டென்று அறுந்ததைப் பின்வாசலில் கேட்ட நெமேசியோ, தங்களைப் பறிகொடுத்துவிட்டோம் என்றே நினைத்தார். பையிலிருந்து வந்தது கைக்குட்டை! முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்களை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் திரும்பிப் போனார்.

அவர் அவ்வளவு தவித்தது எதற்கு என்று மாலையில் நிபுணர்கள் வந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. ஊர்த் திருவிழாவுக்காக அம்பாரோ முந்தின நாள் நீலம் பூசிய ஜன்னல் சட்டத்தின் உட்புறத்தில், காயாத பூச்சில், ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரெய்னேரியோவின் விரல். கூட்டத்தோடு உள்ளே போய் நாலு இடத்தைத் தொட்டுவிட்டால் அந்தத் தடத்துக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அந்தக் காரணத்தைத்தான் தாங்கள் தர மறுத்தீர்கள்.

இப்போது அவர் சிறையில் இருக்கிறார். அவருடைய வழக்கறிஞரோ, "அன்று எல்லாரோடும் அவரும் உள்ளே போனார், அப்போது பட்டது" என்கிறார். அன்று வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. மீதிப் பேருக்குத் திடீரென்று காது மந்தம், கண் மங்கல். அம்பாரோ சொன்னால், புருஷனைப் பறிகொடுத்தவள் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். முன்வாசல் வழியாக ஒருவரும் உள்ளே போகவில்லை என்று வருகிற திங்கட்கிழமை நீதிமன்றத்தில் சொல்லத் தங்கள் ஒரு வாய்தான் மிச்சம்.

இன்று காலை தங்கள் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டோம். அது விதி. சில நாட்களாக எதிர்த்தெருவில் நிற்கும் எண் பலகையில்லாத மோட்டார் சைக்கிள், இந்த மடல் வாசிக்கப்படும்போதும் அங்கே நிற்கக்கூடும். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நேற்று முன்தினம் தங்கள் வாசற்படியில் யாரோ மடித்த வெள்ளைத் துணி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அதைக் கண்டு அலறியது நாங்கள்தான். தாங்களோ பையில் கைவிட்டபடி, "யாரும் மிதிக்காதீங்கடா, முதல்ல படம் எடுங்க" என்றீர்கள். தங்களைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எங்களுக்கு விளங்கவில்லை தாயே! பொரித்த மீனும் வாழைக்காயும் பந்தியில் ஆறிக் கிடப்பதற்குச் சமைத்தவர்மேல் குறையில்லை. எங்களில் யாரும் இன்னும் இலையில் கை வைக்கவில்லை.

இத்தகைய மடல்கள் எல்லாம் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் வேண்டித்தான் முடியும். இதுவரை எத்தனையோ பேருக்கு அதை வாய்க்கு வந்தபடி எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்றுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிகிறது. நூறாண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அம்மா. முதலில் திங்கட்கிழமை வரை வாழுங்கள்.

விழா முடிந்து வீடு திரும்பும்போது தங்கள் வேலியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருப்பதைக் காண்பீர்கள். கோபிக்க வேண்டாம். இத்தனை காலமும் ஒருவர் செத்த பிறகே அதைக் கட்டினோம். இந்த ஒருமுறை முன்கூட்டியே கட்டிவிட்டோம். முறை வைத்துக்கொண்டு நாங்கள் அங்கே நிற்போம். முதல் முறை நெமேசியோவுடையது. இந்தத் தடவை அவர் எதையும் கழுவ மாட்டார்.

தாங்கள் கற்பித்ததில் ஒன்றை மட்டும் மீறுகிறோம், மன்னியுங்கள். அந்த வாசலில் எங்கள் கைகள் பைக்குள் இருக்காது.

தங்கள் குரலுக்கு இன்றும் நடுங்கும்,
கார்சாத்துறைக் காவல் நிலையத்தார்