மதுரவல்லியின் பக்கத்தில் ஒரு வில்லை

என் வாழ்நாளில் நான் பார்த்த திரைப்படங்கள் பதினொன்றுதான். அவற்றுள் பலவும் உடன் பணிபுரிவோரின் வற்புறுத்தலுக்காகத் தண்டையார்பேட்டைத் திரையரங்கில் பகற்காட்சியாகப் பார்த்தவை. ஆயினும், தென்னக மொழிகள் நான்குக்கும் சேர்த்து ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் சிறந்த நடிகை விருது யாருக்குக் கிடைக்கும் என்பதை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சரியாகச் சொல்லியிருக்கிறேன். நிதானமாகச் சொல்லுமாறு தாங்கள் பணித்தமையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் புலவர் பட்டம் பெற்றவன். ஆசிரியப் பணி வாய்க்கவில்லை. கல்மண்டபத்துக்கு அருகே, இறால் ஏற்றுமதி செய்யும் குளிர்பதனக் கிடங்கொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கதவுப் பொறுப்பில் இருந்தேன். காலையில் நீராடிப் பாசுரம் ஓதிவிட்டுப் பணிக்கு வருவேன். மாலையில் மறுபடியும் நீராடாமல் ஓதுவதில்லை. மீன் மணத்தோடு பெருமாள் திருமுன் நிற்பது எனக்கு ஒவ்வாது.

குளிரறைக்கு ஒரு விதி உண்டு. ஊழியர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. அது கதவருகே உள்ள பலகையில் ஆணியில் தொங்கும். உள்ளே செல்பவர் தம் வில்லையை எடுத்து என் கையில் தரவேண்டும். வெளியே வந்ததும் வாங்கி மாட்டவேண்டும். வில்லைகள் அனைத்தும் தொங்கினால் பலகை நிறைந்தது என்போம்; அறைக்குள் எவருமில்லை என்பது பொருள். அதன் பின்னரே நான் பூட்டுவேன். உள்ளே பூஜ்யத்துக்கு இருபது பாகை கீழே குளிர் நிற்கும். கதவின் உட்பிடி சில மாதங்களாகப் பழுது. அழைப்பு மணியும் ஒலிப்பதில்லை. இரண்டையும் குறித்து மும்முறை எழுதிக் கொடுத்தேன். கடமையில் நான் குறை வைத்தவனல்லன்.

விருதுக் காலத்தில் அந்தப் பலகையே எங்கள் வாக்குப் பெட்டியாகும். இருபுறமும் ஆணிகள் இருந்தமையால், இடப்பக்கம் ஒரு நடிகையின் பெயரையும் வலப்பக்கம் மற்றொரு நடிகையின் பெயரையும் சுண்ணக்கட்டியால் எழுதுவோம். அவரவர் வில்லையைத் தாம் விரும்பும் பக்கத்தில் மாட்டுவார்கள். எனக்கு வில்லை கிடையாது. ஆனால் நான் எந்தப் பெயரைச் சொல்கிறேனோ அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலான வில்லைகள் வந்து சேரும். அதை நான் ஒரு மரியாதையாகவே கருதினேன். அறுபது வயதில் எனக்கு எஞ்சியிருந்த மரியாதையும் அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஒன்றில் இரு பெயர்கள் முன்னின்றன. மதுரவல்லி, கடற்போருக்குச் சென்ற கணவனுக்காகக் காத்திருக்கும் அரண்மனைப் பாடகியாக நடித்திருந்தார். படம் முழுதும் செந்தமிழ். பிரேமகலா, படகோடு கணவனை இழந்த கருவாட்டுக்காரியாக, இப்பகுதிப் பேச்சிலேயே நடித்திருந்தார். நான் மதுரவல்லியைச் சொன்னேன். அழுகைக்கு நிலைக்களங்கள் நான்கு என்று பழைய இலக்கணம் வகுத்திருப்பதை எடுத்துரைத்து, அந்நான்கும் அவர் முகத்தில் படிப்படியாக எழும் இடங்களைக் காட்டினேன்.

எதிர்த்துப் பேசியவர் ஜெரி. குளிரறை அடுக்குகளைப் பார்த்துக்கொள்பவர், ராயபுரத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"நாலு காரணம் எழுதி வச்சாங்க, சர்தான் புலவரே. அழுவாம இருக்கறதுக்கு எத்தினி காரணம்னு உங்காளுங்க எங்கனா எழுதிக்கிறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடை சொல்வதற்குள் அவர் தொடர்ந்தார்.

"எங்கப்பா கடலுக்குப் போனவரு, போட்டோட பூட்டாரு. பொணங்கூட வர்ல. எங்கம்மா அன்னிக்கு ஒரு சொட்டு அழுவல. அடுப்பாண்ட குந்திகினு மீன் ஆஞ்சிகினே இருந்துச்சு. பிரேமகலா அத்தத்தான் செஞ்சிக்கீது. உங்க மதுரவல்லி, மை கரையக் கூடாதுன்னு அண்ணாந்துகினு அழுவுது."

அன்று நான்கு வில்லைகள் இடம் மாறின. மறுநாள் மேலும் மூன்று. அவ்வாரம் முழுதும் நான் உரைகளையும் மேற்கோள்களையும் தேடிச் சென்று பேசினேன். பேசப் பேச என் பக்கம் குறைந்தது. ஐந்தாம் நாள், என்னிடம் மிகுந்த மதிப்புடைய சிவந்தி என்ற பொதி கட்டும் பெண்ணும் தன் வில்லையைக் கழற்றினாள்.

"கோச்சிக்காதீங்க ஐயா. எனக்கும் அந்தப் பொண்ணப் பாத்தா எங்க அக்கா நெனப்பு வருது."

சுமை ஏற்றும் சௌக்கத் அலி பலகையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா புலவரே, உங்க சைடுல வெறும் ஆணிதான் கீது. சட்டையக் கழட்டி மாட்டிக்கலாம் போல."

அப்போதும் நான் சினம் கொள்ளவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறிவிப்பு நாள் சனிக்கிழமை. அரைநாள் வேலை. இரண்டு மணிச் செய்தியில் சொல்வார்கள் என்பதால், எல்லோரும் தெருமுனைத் தேநீர்க் கடைத் தொலைக்காட்சிக்குப் புறப்படும் பரபரப்பில் இருந்தார்கள். அப்போது ஜெரி தம் வில்லையைக் கழற்றி என் பக்கத்தில் மாட்டினார்.

"இன்னாடா, கட்சி மாறிட்ட?" என்றார் சௌக்கத் அலி.

"விடு மாமு, பேஜாரு பண்ணாத. பெரியவரு தனியா நிக்கக் கூடாது."

அதை எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைகுனிந்து வெளியேறினார்கள். இரக்கம் வேண்டி நான் யாரிடமும் விண்ணப்பித்ததில்லை.

மணி ஒன்றரை. இரண்டு பெட்டிகள் அடுக்கு மாறியிருப்பது கடைசியாகப் புறப்பட்ட ஜெரிக்கு நினைவு வந்தது. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்தார்.

"வில்லை அங்கியே தொங்கட்டும் புலவரே. எடுத்தா உங்க சைடு காலியாப்பூடும். பொட்டிய மாத்தி வச்சிட்டு தோ வந்துர்றேன்."

அவர் உள்ளே சென்றார். நான் பலகையைப் பார்த்தேன். பலகை நிறைந்திருந்தது. விதி தெளிவாக இருக்கிறது: பலகை நிறைந்திருந்தால் பூட்டலாம். விதியை மீறி வில்லை தராமல் உள்ளே சென்றவர் அவர், நானல்லன். நான் கதவைச் சாத்தினேன். தாழிட்டேன். பூட்டினேன்.

சிறிது நேரத்தில் உள்ளிருந்து தட்டும் ஒலி வந்தது. கதவின் கனத்தால் மெலிதாகத்தான் கேட்டது. இரண்டிரண்டாக விழுந்தது. செய்யுளை அலகிட்டுப் பழகிய மனமாதலால், தேமா, தேமா என்று தானாகவே சீர் பிரித்தது. பின்னர் சீர் குலைந்தது. அதற்கு மேல் கேட்பதில் பயனில்லை என்று புறப்பட்டேன்.

தேநீர்க் கடையில், "ஜெரி எங்க?" என்று யாரோ கேட்டார். "நேரா வூட்டுக்குப் பூட்டிருப்பான்" என்று வேறொருவரே விடை சொன்னார். செய்தி வந்தது. விருது, நாங்கள் எவரும் கேள்விப்பட்டிராத ஒரு கன்னட நடிகைக்குப் போயிற்று. மதுரவல்லியும் இல்லை, பிரேமகலாவும் இல்லை. "அட கலீஜு" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். ஒரு வார வாதம் ஒரு நொடியில் பொருளற்றுப்போனது. ஜெரியும் தோற்றிருந்தார். அவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்கு ஓர் அவா எழுந்தது.

நாலரை மணிக்கு அவருடைய மனைவி ஞானம் என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, எங்கூட்டுக்காரரு இன்னும் வர்ல. டீக்கடைக்கே வர்லன்றாங்க. உள்ள எங்கனா கீறாரா?"

"பலகையில் எல்லா வில்லைகளும் இருந்தன, அம்மா" என்றேன். அது முழு உண்மை.

"ஒரு தபா தொறந்து பாத்துருங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

திங்கட்கிழமைக்கு முன் திறக்க எனக்கு அதிகாரமில்லை என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் வாசலில் நின்றார். சாவி என் இடுப்பில் இருந்தது. ஜெரி மாலை ஆறு மணி வரையேனும் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் பின்னர் எழுதினார். எனக்கும் ஏறத்தாழ அப்படித்தான் தோன்றியிருந்தது.

ஞானம் சென்ற பின் நீராடினேன். ஓதினேன். ஞாயிறன்றும் கோயிலில் ஓதினேன். ஓரிடத்திலும் குரல் தடுமாறவில்லை. அடியார் பிழை பொறுக்கும் பெருமான் என்று அதுவரை ஆயிரம் முறை பாடியிருப்பேன். அன்று அவ்வடிகளைக் கேட்க எதிரில் ஒருவருமே இல்லை என்று பட்டது. ஓதுவதை நிறுத்தத்தான் இல்லை.

திங்கள் காலை நானே திறந்தேன். ஜெரி கதவை ஒட்டி, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். சிவந்தி கீழே விழுந்து அலறினாள். ஞானத்தை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாள் அழவில்லை. கணவரின் சட்டையில் படிந்திருந்த உறைபனியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அந்த அம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஜெரி சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். இப்போது சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

பின்னர் தங்கள் முன் விசாரணை நடந்தது. எல்லோரும் எனக்காகப் பேசினார்கள். சௌக்கத் அலி கண்ணீரோடு, "பாவம் பெரியவரு, வில்லையப் பாத்து ஏமாந்துட்டாரு" என்றார். வில்லைகளை விளையாட்டுக்குப் பயன்படுத்தியது தங்கள் குற்றம் என்று அத்தனை பேரும் கையொப்பமிட்டார்கள். தாங்களும் என்னை விடுவித்தீர்கள். வழக்கு முடிந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. இன்று நானாக வந்திருப்பதன் காரணம், தங்கள் அறிக்கையின் நகல் ஒன்று நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. அதில், 'முதுமை காரணமாகப் பொறுப்பாளர் தவறாகக் கணித்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஐயா, அவர் உள்ளே இருப்பதை அறிந்தே நான் பூட்டினேன். தட்டியதைக் கேட்டேன். அவர் மனைவியைத் திருப்பி அனுப்பினேன். இதற்குரிய தண்டனை எதுவாயினும் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் தவறாகக் கணித்தவன் என்ற சொல்லோடு அந்தக் கிடங்கினர் முன் என்னால் நிற்க இயலாது. அந்த வரியை நீக்கிவிடுங்கள். விருதைப் பற்றியும் அவ்வாறே சொல்லித் திரிகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதுவும் சரியன்று. அங்கே தவறியவர்கள் நடுவர்கள்.