இரண்டெழுத்துக் கையொப்பம்

எனக்கு இனிப்பு பிடிக்காது. ஆனாலும் ஏழெட்டு வருடமாக, வியாழக்கிழமை காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெட்டி கஷ்கொட்டை இனிப்பு வாங்கி வந்துவிடுவேன். மதியம் கொமினாமி டாக்டர் வருவார். வருகிறவருக்கு வெறும் தேநீரை நீட்டினால் நன்றாக இருக்காதல்லவா? கடைக்காரப் பெண்மணி என்னைப் பெரிய இனிப்புப் பிரியன் என்று நினைத்துக்கொண்டு எப்போதும் ஒன்றைக் கூடுதலாக வைப்பாள். அவளையும் விசாரித்துவிட்டதாகச் சொன்னீர்கள். நான் சாதுவான மனிதன் என்று சொன்னாளாம். அவள் சொன்னதில் தவறில்லை.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மொகி சார். சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் இசோகாய். பழைய வாள்களைப் பார்த்து, அடித்தவர் யார், எந்தக் காலத்தது, அசலா போலியா என்று சொல்வது என் தொழில். வாளுக்குப் பேர்போன இந்தச் செகி ஊரில் எனக்கு மரியாதை உண்டு. மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஆனால் தனிமை என்று நான் ஒருநாளும் வருந்தியதில்லை. பக்கத்து அறையில் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்களே, அது திருடர்களுக்காக. வீட்டில் ஆள் இருப்பதாக நினைப்பார்கள்.

கொமினாமி பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். ஒரு மழைக்கால மதியம், பட்டுப் பையில் ஒரு குறுவாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"வாத்தியாரே, பல்லைக் காட்டினா சொத்தையா இல்லையான்னு சொல்லிடுவேன். இது எனக்கு ஒண்ணும் புரியல. எங்கப்பா சாகும்போது சொன்னாரு, இதோட பேரை முடிவு பண்ணி, சேர வேண்டிய எடத்துல சேத்துடு, அதுவரைக்கும் நீயும் ஊரை விட்டு நகராதேன்னு. நானும் நகரல. நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்."

மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, கைப்பிடியைக் கழற்றினேன். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான் கையொப்பம் வெட்டியிருக்கும். அந்த இடத்துத் துருவை யாரும் துடைக்க மாட்டோம். வாளின் வயதைச் சொல்வது அந்தத் துருதான். இந்த வாளில் அது காய்ந்த பேரீச்சம்பழத்தின் நிறத்தில், விரலில் ஒட்டாமல் படிந்திருந்தது. நடுவில் இரண்டே எழுத்துகள். வாளின் உடலைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கையொப்பம் அதை உறுதி செய்தது, அவ்வளவுதான். அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஆசான். அவர் கையால் அடித்தவை இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் மிச்சம்.

நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் டீ கிடைக்குமா?" என்றார்.

என் வீட்டில் யாரும் இரண்டாவது கோப்பை கேட்டு வெகு காலமாகியிருந்தது. வாளோடு வருகிறவர்கள் முடிவைக் கேட்பார்கள், கட்டணத்தை வைப்பார்கள், போய்விடுவார்கள். நான் தேநீரை ஊற்றிவிட்டு, "கொஞ்சம் சந்தேகமா இருக்கு டாக்டர். வேற வெளிச்சத்துல பாக்கணும். அடுத்த வியாழக்கிழமை தோதுப்படுமா?" என்றேன்.

தோதுப்படும் என்றார். இப்படித்தான் தொடங்கியது.

அடுத்த வாரம் மேகமூட்டம் என்றேன். பிறகு, பனிக்காலத்து வெளிச்சம்தான் சரி என்றேன். பனி விழுந்த பிறகு, வெளியே வெள்ளை அதிகம், கண் கூசுகிறது என்றேன். அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. வாளைச் சுத்தம் செய்யும் முறையைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். பழைய எண்ணெயைக் காகிதத்தால் துடைத்து, சாணைக்கல் பொடியை ஒற்றி, மறுபடி துடைத்து, கிராம்பு எண்ணெயை மெல்லியதாகத் தடவ வேண்டும். முதல்முறை எண்ணெய்ப் புட்டியைத் திறந்ததும் அவர் சிரித்துவிட்டார். "அட, இது என் ஆஸ்பத்திரி வாசனை ஆச்சே! பல்வலின்னு வர்றவனுக்கு இதைத்தானே வெப்பேன்." அன்றிலிருந்து அந்த வாசனை எங்கள் இருவருக்கும் பொதுவானதாகிவிட்டது.

முறைமைகளையும் பழகிக்கொண்டார். உருவிய வாளுக்கு முன்னால் பேசக் கூடாது. எச்சில் துளி பட்டால் துரு பிடிக்கும். வாளை ஒருவரிடம் கொடுக்கும்போது நிமிர்த்திப் பிடித்து, கூர்ப்பக்கம் நம்மைப் பார்த்து இருக்கும்படி நீட்ட வேண்டும். வாங்குகிறவர் தலை தாழ்த்தி வணங்கி, பிடியை இறுக்கிக்கொண்டு தலையசைப்பார். அதன் பிறகுதான் நாம் கையை எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் நம்மை வெட்ட மாட்டார் என்ற நம்பிக்கையில் நடக்கிற காரியம் இது.

மாதம் ஒருமுறை கோயில் கூடத்தில் நடக்கும் போட்டிக்கும் அழைத்துப்போவேன். ஐந்து வாள்களை, கையொப்பத்தைத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். உடலை மட்டும் பார்த்து, அடித்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர் நான். சரியாக இருந்தால் "அதாரி" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக ஒசாகாவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. டாக்டருக்கு அது ஒருமுறைகூட வாய்க்கவில்லை. "வாத்தியாரே, சாகறதுக்குள்ள ஒரு அதாரியாவது வாங்கிடணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்த வருடம் செர்ரிப் பூ உதிர்ந்த வாரத்தில், மகள் வடக்கே சப்போரோவுக்குக் கூப்பிடுகிறாள் என்றார். தனியாக இருந்தது போதும், எங்களோடு வந்துவிடுங்கள் என்கிறாளாம்.

"வாளை டோக்கியோ நிபுணர் குழுவுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன் வாத்தியாரே. நீங்க பாத்தது போதும். அசல்னு அவங்க சொல்லிட்டா நம்ம ஊர் அருங்காட்சியகத்துல குடுத்துட்டுக் கெளம்பிடுவேன்."

டோக்கியோவில் இருப்பவர்கள் குருடர்கள் அல்ல. அசல் என்று ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்கள். அவரும் கிளம்பியிருப்பார். எனவே நான் யோசித்தேன். வாள் சேகரிக்கிறவர்களை எனக்குத் தெரியும். போலி என்று தெரிந்தால் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்தக் கறை தீர, அசல் ஒன்றைத் தேடி வருடக்கணக்கில் அலைவார்கள். தேடலுக்கு என் போன்ற ஒருவன் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

"அனுப்ப வேண்டாம் டாக்டர். நான் முடிவு பண்ணிட்டேன். கையொப்பம் போலி" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப அதை அழிச்சிடுங்க" என்றார். எங்கள் வழக்கம் அது. பெயரில்லாத வாள் கௌரவமாக இருக்கலாம், பொய்ப் பெயரோடு இருப்பதுதான் அவமானம். நான் அரத்தை எடுத்தேன். அவர் கண்முன்னாலேயே அந்த இரண்டு எழுத்துகளையும் தூளாக்கினேன். தூளைக் காகிதத்தில் மடித்து என் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் போதைப் பொருள் என்று நினைத்து ஆய்வுக்கு அனுப்பிய பொட்டலம் அதுதான். முடிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. டாக்டர் இடிந்துபோகவில்லை. தோளை ஒருமுறை உலுக்கிக்கொண்டு, "அப்பாடா!" என்றார். "இத்தனை வருஷமா எங்கப்பா என் தோள்மேல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு வாத்தியாரே. எறக்கி விட்டுட்டீங்க. பேரு முடிவாயிடுச்சு, நானும் நகரலாம்." அன்றே மகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அந்த வாள்தான் அவரை இந்த ஊரில் கட்டிவைத்திருந்தது. அந்தப் பிணைப்பை அறுத்தவன் நான்.

கடைசி வியாழக்கிழமை அவர் கையில் பட்டுப் பையோடு வந்தார். மறுநாள் ரயில்.

"இதை நீங்களே வெச்சுக்கோங்க. பேரில்லாத இரும்பு. மிஞ்சிப் போனா முள்ளங்கி நறுக்கலாம்" என்று சிரித்தார். நான் இனிப்பை நகர்த்தினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு இனிப்பே ஆகாது. பல் டாக்டர் பாருங்க" என்றார்.

"பின்ன ஏன் இத்தனை நாள் சாப்பிட்டீங்க?"

"நீங்க ஆசையா வாங்கி வெக்கிறீங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது? வாளும் அப்படித்தான். ரெண்டாம் வருஷமே எனக்கு அலுத்துப் போச்சு. பாவம், மனுஷன் ஒண்டியா இருக்காரேன்னுதான் வந்துட்டிருந்தேன்."

எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் இதைச் சொன்னேன். பின்னால் நடந்ததற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒருமுறை முறைப்படி பார்த்துவிடுவோம் என்றேன். அவர் சரி என்று மண்டியிட்டு உட்கார்ந்தார். நான் வாளை உருவி, பார்த்து, அவரிடம் நீட்டினேன். அவர் தலை தாழ்த்தி வணங்கினார். கை வழுக்கி வாள் அவர் மடியில் விழுந்தது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது உண்மையல்ல. கூர்ப்பக்கம் அவரைப் பார்த்து இருந்தது. நான்தான் திருப்பினேன். அவர் வணங்கி நிமிர்வதற்குள் நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். தொடையின் உட்பக்கம். நல்ல வாளுக்கு அழுத்தம் தேவையில்லை.

அவர் கத்தவில்லை. உருவிய வாள் முன்னால் பேசக் கூடாது என்பதை அந்த நேரத்திலும் மறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு கைகளாலும் தொடையை அழுத்திக்கொண்டு, கண்ணால் பட்டுப் பையின் கயிற்றைக் காட்டினார். டாக்டர் அல்லவா, எங்கே எப்படிக் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் புரிந்தது. அந்தக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் மருத்துவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வாளில் ரத்தம் பட்டிருந்தது. ரத்தம் எவ்வளவு சீக்கிரம் இரும்பைத் தின்னும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் காகிதத்தை எடுத்துத் துடைத்தேன். பொடியை ஒற்றினேன். மறுபடி துடைத்தேன். எண்ணெய் தடவினேன். அறை முழுவதும் கிராம்பு வாசனை பரவியது. தவறி விழுந்த வாள் இவ்வளவு சுத்தமாக எப்படி உறைக்குள் போனது என்று நீங்கள் கேட்டபோதுதான், நான் செய்ததில் உங்களுக்கு விசித்திரமாகப் படும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நான் துடைப்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளை உறையிலிட்டுப் பைக்குள் வைத்து, அந்தக் கயிற்றால் பையின் வாயைக் கட்டிய பிறகுதான் வாய் திறந்தார். குரல் மெலிந்திருந்தது.

"போலியை... யாரும் இப்படித் தொடைக்க மாட்டாங்க, வாத்தியாரே. அது அசல்தானே?"

கையொப்பம் இல்லாத வாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சரியாகச் சொல்லாதவர். கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நடுவரின் கடமை.

"அதாரி" என்றேன்.

அவர் முகத்தில் வந்தது சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டும் வரை அவர் போகவில்லை, பாருங்கள். மற்ற வியாழக்கிழமைகளில் ஐந்தரை மணிப் பேருந்துக்கு எழுந்துவிடுவார்.

ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சப்போரோவில் அவருக்கு யாரைத் தெரியும், சொல்லுங்கள்? மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். வருடத்தில் பாதி நாள் பனி. பகல் முழுவதும் ஓர் அறையில் ஒண்டியாக உட்கார்ந்து, பக்கத்து அறையில் வானொலி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கொடுமை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நல்ல மனிதர் அவர். அந்த வேதனைக்கு அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் செய்தது அவருக்காக.

இதைப் படித்துப் பார்த்து, கீழே கையொப்பமிட்டு, கட்டைவிரலை ஒற்றினால் போதும் என்கிறீர்கள். உங்கள் விசாரணை முடிந்துவிடும், நாளை முதல் நீங்கள் வர வேண்டியிருக்காது என்கிறீர்கள். அப்படியா? நான் அதை யோசிக்கவில்லை. கையொப்பம் என்பது அவசரத்தில் இடுகிற விஷயமல்ல, மொகி சார். இதில் இரண்டு மூன்று இடங்களில் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. இந்த அறையில் வெளிச்சமும் போதவில்லை. இன்னொரு நாள் நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை தோதுப்படுமா?