முன் சீட்டு நீலச் சட்டை

யாரு, முன்னாடி அந்த நீலச் சட்டையா? இல்ல தம்பி, தெரிஞ்சவரெல்லாம் இல்ல. சும்மா பாத்தேன். கழுத்து ஒரு பக்கமா சாஞ்சு தூங்குறாரே, சுளுக்கிக்கப் போகுதேன்னு.

நான் பொண்ணப் பாக்கப் போறேன். காலேஜ்ல முதல் வருஷம். ஃபீஸா? அதக் கேட்டு ஏன் வயித்தெரிச்சலக் கிளப்புறீங்க! எங்க வீட்டுக்காரரு லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவரு, நான் மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. எங்க ரெண்டு பேரு சம்பளம் உதவித்தொகை கேக்குறதுக்கு அதிகமாம். ஃபீஸ் கட்டப் போனா பத்தாது. ரெண்டுங்கெட்டான் குடும்பம்.

அவரு மாசக்கணக்கா மண்டையக் குடைஞ்சாரு. சேத்து வச்சத எதுல போட்டா கணக்குல வராது, வண்டிய வித்துட்டா குறையுமான்னு. ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டே சொல்றாரு, நாம விவாகரத்து வாங்கிக்கலாம்னு. எனக்குப் புரையேறிடுச்சு. பேப்பர்லதாண்டி, பிரிஞ்சிருந்தா பிள்ள யாரோட இருக்கோ அவங்க சம்பளத்த மட்டும்தான் பாப்பாங்க, படிப்பு முடிஞ்சதும் திரும்பக் கட்டிக்கலாம்ங்குறாரு. சிரிங்க தம்பி, பரவால்ல. நானும் அன்னிக்குச் சிரிச்சேன்.

கடைசியில கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு முடிச்சோம், அவரு தனியா ரூம் எடுத்துக்கிட்டாரு. வேலை விட்டு வர்ற வழியில ஒளிஞ்சு ஒளிஞ்சு போயி பாத்துட்டு வருவேன். கல்யாணத்துக்கு முன்னாடிகூட இந்தக் கூத்தெல்லாம் அடிச்சதில்ல.

பாப்பாகிட்ட மட்டும் சொல்லல. அதுக்குப் பொய்யே வராது, வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி காது செவந்துடும். உதவித்தொகைக்கு நேர்ல கூப்பிட்டு விசாரிப்பாங்களே, உளறிட்டா? அங்க அப்பா எங்கன்னு கேட்டதும் தேம்பித் தேம்பி அழுதுருக்கு. முழு உதவித்தொகையும் குடுத்துட்டாங்க. ரூமுக்குப் போயி அவருகிட்ட சொன்னேன். பாத்தியா, விஷயம் தெரிஞ்சிருந்தா இப்படி அழுதிருக்குமான்னாரு. பெருமையாத்தான் சொன்னாரு. அப்புறம் பாத்ரூமுக்குள்ள போயி குழாயத் தொறந்து விட்டவரு ரொம்ப நேரம் வெளிய வரல.

இன்னிக்கு வரைக்கும் அவரு கூப்பிட்டா போன எடுக்குறதில்ல பாப்பா. எங்கம்மாவ நடுத்தெருவுல விட்ட மனுஷன்கிட்ட எனக்கென்ன பேச்சுங்குது. நானும் சாப்பிட்டியான்னு கேட்டு பேச்ச மாத்திடுவேன். வேற என்ன பண்ண, சொல்லுங்க?

என்ன விசேஷமா? விசேஷம் ஒண்ணுமில்ல. நேத்து சாயங்காலம் போன் பண்ணுச்சு. நீ தனியா கஷ்டப்பட வேணாம்மா, காலேஜ விட்டு நின்னுட்டேன், ஒரு துணிக்கடையில வேலைக்குச் சேந்துட்டேன்னுச்சு. உதவித்தொகைய வேற யாருக்காவது குடுங்கன்னு அதுவே எழுதிக் குடுத்துட்டு வந்துருச்சாம். குரல்ல அவ்வளவு சந்தோஷம் தம்பி. அம்மாவக் காப்பாத்திட்டோம்னு.

இப்ப அங்க போயி என்னத்தச் சொல்ல? உண்மையச் சொன்னா, நேரா காலேஜ் ஆபீஸ்ல போயி ஒப்பிச்சுட்டுத்தான் மறுவேலை பாக்கும். அப்புறம் யாரு திரும்பச் சேத்துக்குவா? சொல்லலன்னா காலம்பூரா துணி மடிச்சுக்கிட்டு நிக்கும்.

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க கொஞ்சம் எந்திரிச்சு அந்த முன் சீட்டுக்குப் போறீங்களா? அந்த நீலச் சட்டைய எழுப்பி இங்க வரச் சொல்லுங்க. வர மாட்டாரு, யாராவது பாத்துருவாங்கன்னு பயப்படுவாரு. இனிமே யாரு பாத்தா என்னன்னு நான் சொன்னதா சொல்லுங்க.