தாழ்ந்து எழும் இலை

இல்ல சாரே, துப்பாக்கிக்காரன் எவனும் இந்தக் கொளத்துக்கு வாறதில்ல. பறவையெல்லாம் பயமில்லாம மேயும், பிள்ளைகளுக்கு நல்லாக் காட்டிக் குடுங்க. ஆனா எல்லாரையும் கரைக்கு மேலயே நிக்கச் சொல்லுங்க. மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைய சொன்னாக் கேக்குமா? கேக்குத லெச்சணந்தான் தெரியுதே. வெள்ளைக்கார மதாம்மா பூச்சி பிடிக்கக் குடுத்த வலையத் தூக்கிட்டு நிக்காளே, ரெட்டைச்சடைக்காரி, அவ பேரென்ன? ராகேலா? ஏட்டி ராகேலு, கீழ எறங்காத மக்கா!

நானா? பகவதி. இங்க தாமரை பறிச்சு சுசீந்திரம் கோயிலுக்குக் கொண்டு குடுக்கது நாந்தான். பங்குனி பொறந்தா மட்டும் பறிக்க மாட்டேன், கரையில சும்மா இருப்பேன். ஏன்னா கேக்கீங்க? சொல்லுதேன், அதுக்கு முன்ன அங்க பாருங்க.

வாலத் தூக்கிக்கிட்டு இலைமேல நடக்கே, அதுதான் தாமரைக்கோழி. வெரலு எம்புட்டு நீளம் பாத்தீங்களா? பக்கத்து இலையில வெள்ளையா ஒரு விட்டிலு ஒட்டிக் கெடக்குல்லா, அதக் கொத்தத்தான் போவுது. கால வச்சா இலை இம்புட்டுப்போலத் தாழும், எடுத்தா பழையபடி எழும்பும். பாத்துக்கிட்டே இருந்தா நமக்கும் நடந்துரலாம்னு தோணும். சிரிக்காதீங்க சாரே. கரையோரத்து இலையெல்லாம் சேத்துமேல படிஞ்சு கெடக்கு, சின்னப்பிள்ளை மிதிச்சாத் தாங்கும். அதுதான் மோசம். இது தாங்கினா அடுத்ததும் தாங்கும்னுதானே பிள்ளை நெனைக்கும்? அடுத்ததுக்குக் கீழ ஆளு மூழ்குத ஆழம்.

ஏட்டி, வலைய எனக்கிட்டத் தா, அந்த விட்டில நான் பிடிச்சுத் தாறேன்! பாருங்க, நின்ன எடத்த விட்டு அனங்கமாட்டேங்கா.

அந்தா, நடுவில ஒரு இலை தாழ்ந்துச்சு, கண்டீங்களா? கோழி அங்க இல்லியே. மீனா? நானும் கேக்குத பேருக்கெல்லாம் மீனுன்னுதான் சொல்லுதது. இப்ப அதுக்கு இங்கிட்டு உள்ள இலை. இப்ப அதுக்கும் இங்கிட்டு. மீனு இப்பிடி ஒவ்வொரு இலையா, வரிசையா, கரையப் பாத்து வருமா சாரே?

பங்குனியில மட்டுந்தான் வரும். எப்பவும் பாதி வழியில நின்னுரும். நான் பேரு சொல்லி விளிச்சும் பாத்தேன், வரல்ல. இன்னைக்குப் பிள்ளைய சத்தம் கேட்டு இம்புட்டுக் கிட்ட வந்திருக்கு. இத்தன கிட்ட ஒருநாளும் வந்ததில்ல.

ராகேலு கைய எட்டிப் பிடிங்க சாரே. பிடிச்சுட்டீங்களா? விடாதீங்க. எல்லாத்தையும் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. நீங்க போனா அது நின்னுரும், எனக்குத் தெரியும். நிக்கட்டும்.

ஒரு பங்குனியில இந்த இலைமேல கால வச்சப்ப எம்மவ உலகம்மைக்கும் இவ வயசுதான். கூட வெளையாட ஆளு கெடச்சா விட மாட்டா.