தலைகீழ்த் தெரு

— அந்த ஏர் பியூரிஃபையர் பெட்டி காத்தைக் கழுவுது சார், இல்லைன்னு சொல்லலை. ஆனா கழுவறதெல்லாம் ரூமுக்குள்ள இருக்கற அதே காத்தை. குளிச்ச தண்ணியிலேயே திரும்பத் திரும்பக் குளிச்சா அழுக்கு போகுமா?

— நான் சொல்றதைக் கேளும்மா. நாலு பேரை விசாரிச்சு வாங்கின பெட்டி அது. ராவும் பகலும் ஓடுது.

— ஓடட்டும். இந்த மீட்டரைப் பாருங்க. நீங்களும் டீச்சரும் விட்ட மூச்செல்லாம் போக வழியில்லாம இங்கயே சுத்திக்கிட்டு இருக்கு. செவப்பு விளக்கு எரியுதே, அதுக்கு அதான் அர்த்தம்.

— டீச்சரம்மா, நீயே சொல்லு. ஜன்னலைத் திறந்து வச்சா என்ன ஆகும்?

— என்னை எதுக்கு... கேக்கறீங்க? பலகை அடிச்சது நீங்க.

— அடிக்காம? எதிர்ல கட்டடம் எழும்புது. சிமென்ட், ஜல்லி, லாரி. பாதி நுரையீரல்ல ஓடற உடம்பு உன்னுது. அந்தத் தூசியில ஒரு இழுப்பு இழுத்தா மறுபடியும் ஆஸ்பத்திரிதான். கண்ணாடியைக் கழட்டிட்டு நானே பிளைவுட் அறுத்து அடிச்சேன்மா. இடுக்கு பூரா டேப். ஒரு எறும்பு உள்ள வர முடியாது.

— எறும்பு வராது. தலைவலி மட்டும்... காலையில டான்னு வந்துடும்.

— அதுக்கு இந்தக் காத்தும் ஒரு காரணம் டீச்சர். பூட்டின பஸ்ஸுல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு எனக்கே.

— அப்போ வெளிய தள்ற ஃபேன் ஒண்ணை மாட்டிட்டுப் போயேன். அதுக்கு எதுக்கு நீ கொண்டு வந்திருக்கற இவ்ளோ பெரிய மிஷின்?

— மாட்டலாம். உள்ள இருக்கறதை வெளிய தள்ளும். தள்ளின அளவுக்குக் கதவுக்கு அடியில, டேப்புக்கு நடுவுலன்னு எங்கெங்க வழி இருக்கோ அங்கயெல்லாம் தூசியை உள்ள இழுக்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். இதுல பாருங்க, ரெண்டு குழாய். ஒண்ணு பழைய காத்தை வெளிய விடும். இன்னொண்ணு வெளிக்காத்தை ஃபில்டர்ல வடிகட்டி உள்ள கொண்டு வரும். ரெண்டும் ஒரே அளவு. மிஷினுக்குள்ள பக்கத்துல பக்கத்துல போகும், ஆனா ஒண்ணோட ஒண்ணு கலக்காது. போற காத்து தன்னோட குளுமையை வர்ற காத்துக்குக் கொடுத்துட்டுப் போகும். ஏசி போட்ட செலவும் வீணாகாது.

— ஃபில்டர் கிழிஞ்சுட்டா?

— கிழியற வரைக்கும் விடக்கூடாது. மாத்த வேண்டிய நேரத்துல அதுவே விளக்கு போட்டுக் காட்டும்.

— சத்தம் வருமே?

— சத்தத்தைப் பத்தி... நீங்க பேசாதீங்க. உங்க குறட்டையில இந்தப் பலகையே ஆடுது.

— சிரிக்காதம்மா. மூச்சு இல்லாட்டியும் இவளுக்கு வாய் இருக்கு. சரி, மாட்டு. ஆனா ஒரு பொட்டுத் தூசி உள்ள வரக்கூடாது.

— ஏங்க. அவளை வேலை செய்ய விடுங்க.

— சுவத்தை உடைக்க வேண்டாம் சார். உங்க பலகையிலயே ரெண்டு வட்டம் வெட்டிடலாம். முதல்ல விரல் தண்டிக்கு ஒரு ஓட்டை, நடு மையம் பிடிக்க. அப்புறம்தான் பெருசு. டீச்சர், மாஸ்க்கை ஏத்திக்கோங்க. ஓரத்துல வயர் ஓடுது, அதனால இந்த ரூமுக்கு மட்டும் கரண்டை நிறுத்தறேன். இருட்டாயிடும், பயப்படாதீங்க. சார், இந்த வேக்குவத்தை ஓட்டைக்குக் கீழ பிடிங்க, தூள் கீழ விழாது. வெளிய வராண்டா பிளக்குல மாட்டியிருக்கேன்.

— பிடிச்சுட்டேன்.

— ஆச்சு. அவ்வளவுதான். வேக்குவத்தை அணைச்சுடுங்க.

— என்னம்மா அது?

— எது டீச்சர்?

— எதிர்ச் சுவத்துல. உன் டார்ச்சை அணை.

— அம்மாடி!

— தொடாத, தொடாத! எங்கயோ ஷார்ட் சர்க்யூட் ஆயிருக்கு!

— ஷார்ட் சர்க்யூட் இப்படியா சார் இருக்கும்? பீரோ மேல என்னமோ நகருது. கலர் கலரா நகருது. யாரோ புரொஜெக்டர் போட்டு விட்ட மாதிரி...

— தெரு.

— என்ன சொல்றே?

— தெருங்க. நம்ம தெரு. தலைகீழா வந்திருக்கு. கண்ணு பழகட்டும்... அசையாம நின்னு பாருங்க.

— அட ஆமா. கீழ நீலமா இருக்கே, அது வானமா? கட்டில் காலுக்குப் பக்கத்துல வானம்! கட்டடம் மேலேயிருந்து கீழே தொங்குது பாருங்க சார். சாரத்துல ஒருத்தன் நடக்கறான், தலை கீழ, கால் மேல. விழ மாட்டேங்கறானே!

— இது எப்படிம்மா வந்துச்சு? நீ என்ன பண்ணினே?

— சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை சார். வாழ்க்கையில எத்தனையோ ஓட்டை போட்டிருக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்லை.

— அவ பண்ணலை. வெளிச்சம் பண்ணுது. அது நேராத்தான் போகும், வளையத் தெரியாது. மேல இருக்கறதோட வெளிச்சம் ஓட்டை வழியா கீழ வருது. கீழ இருக்கறதோடது மேல போகுது. ரூம் இருட்டா இருந்தாப் போதும்... ஒரு சின்ன ஓட்டை போதும்.

— மெதுவாப் பேசு. மூச்சு வாங்குது பாரு.

— வாங்கட்டும். ஊசித்துளைக் கேமராம்மா இது. அட்டைப்பெட்டி, ஒரு ஊசி, டிரேசிங் பேப்பர். வருஷா வருஷம் வகுப்புல காட்டுவேன். பசங்க பெட்டிக்கு வெளிய நின்னு ஒத்தைக் கண்ணால பாப்பாங்க. பெட்டிக்கு உள்ள நின்னு பாத்தவங்க... யாரும் இல்லை. நாம இப்போ உள்ள நிக்கறோம்.

— மரம் ஆடுது டீச்சர். இலை ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுது.

— வெளிய காத்தடிக்குது. எனக்கு அது... மறந்தே போச்சு.

— ஒரு குருவி! உங்க பீரோ கதவுல பறந்து போயிடுச்சு!

— அது என்ன, கூரை கிட்ட கறுப்பா? இருங்க, இருங்க. அது என் வண்டி! என் ஸ்கூட்டர்!

— கழுத்தை எதுக்கு அப்படித் திருப்பறீங்க? சுளுக்கிக்கும்.

— நேராப் பாக்க வேண்டாமா?

— வேண்டாம். இப்படியே இருக்கட்டும். இப்படியே அழகா இருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து நாலு சுவத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அதே சுவத்துல இவ்வளவு இருந்திருக்கே... யாரும் சொல்லலையே.

— எனக்குக் கையெல்லாம் புல்லரிக்குது சார், இங்க பாருங்க. சத்தமே போடாம ஒரு தெரு உள்ள வந்து உக்காந்திருக்கு.

— சரிம்மா, பாத்தாச்சு. பெரிய ஓட்டையைப் போடு. நேரமாகுது.

— இருங்க. பச்சைக் குடை.

— எந்தக் குடை? நீ படும்மா, களைச்சுட்டே.

— அதோ, மரத்தைத் தாண்டி வருதே. ஒரு தோளைச் சாய்ச்சுக்கிட்டு நடக்கறாளே. தலைகீழா என்ன, கண்ணை மூடிக்கிட்டாலும் அந்த நடை எனக்குத் தெரியும். என் தங்கச்சி.

— அவ வெளியூர்ல இருக்கா. உனக்கு எத்தனை தடவை சொல்றது?

— அப்போ அது யாரு?

— குடைன்னா உலகத்துல ஒரே குடைதானா?

— டீச்சர், அவங்க உங்க கேட்டுக்குத்தான் வர்றாங்க. நின்னுட்டாங்க. ஒரு பையை மாட்டறாங்க. மணியை அழுத்தறாங்களா? ஆமா, அழுத்தறாங்க. ஒண்ணும் கேக்கலையே? ரூமுக்கு மட்டும்தானே கரண்டை நிறுத்தினேன்?

— சொல்லுங்க. மணி ஏன் அடிக்கலை?

— வயரைக் கழட்டி வச்சிருக்கேன்.

— அவ ஃபோன் கூடப் பண்ணலைன்னு சொன்னீங்களே. அக்கா செத்தாளா இருக்காளான்னு கேக்க நாதியில்லைன்னு... நான் அழுதப்போ, என் தலையைத் தடவிக்கிட்டே சொன்னீங்களே.

— நான் சொல்றதைக் கேளு. கடைசியா வந்தப்போ அவளுக்குச் சளி. உன் பக்கத்துல உக்காந்து அரட்டை. அடுத்த நாள் நீ நீலமாயிட்டே. உன்னைத் தூக்கிக்கிட்டு அந்தப் படியில ஓடினது நான். அந்த முகத்தை நான்தான் பாத்தேன். டாக்டர் யாரையும் விடாதேன்னார், நான் யாரையும் விடலை. கேட்டுல பாத்தா அவகிட்ட டீச்சர் தூங்கறான்னு சொல்வேன். போயிடுவா. அப்புறம் மறுபடியும் வருவா.

— கேட்டுல மாட்டற பை?

— பழம்.

— நீங்க வாங்கிட்டு வந்ததா சொன்ன பழம்.

— ம்.

— இவருக்கு இவ்வளவு நல்லாப் பழம் பொறுக்க எப்போ தெரிஞ்சுதுன்னு... நெஞ்சுக்குள்ள பெருமைப்பட்டேனே நான். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

— நீ கோவப்படாதே. கோவப்பட்டா உனக்கு மூச்சு...

— என் மூச்சை நான் பாத்துக்கறேன்! திரும்பிட்டா. குடையை விரிச்சுட்டா. போறா அவ. ஓடுங்க!

— செருப்பு...

— செருப்பு கிடக்கட்டும் சார், ஓடுங்க! டீச்சர், நீங்க என் கையைப் பிடிச்சுக்கோங்க. மெதுவா. மூச்சை உள்ள... வெளிய... அப்படித்தான்.

— எங்க அவ? எனக்குக் கண்ணு கலங்குது. நீ சொல்லு.

— மரத்துக்கிட்ட போயிட்டாங்க. மெதுவாத்தான் போறாங்க. திரும்பி மாடியைப் பாக்கறாங்க. நம்ம பலகையைத்தான் பாக்கறாங்க.

— அவ கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன்.

— சார் வந்துட்டார்! கேட்டைத் திறந்துட்டார். கூப்பிடறார் போல இருக்கு, கையை ஆட்டறார். ஐயோ லாரி! இப்போ பாத்துதானா வரணும் இந்த லாரி?

— போகச் சொல்லும்மா அதை!

— சுவத்துல இருக்கற லாரியை நான் எப்படிப் போகச் சொல்றது? இருங்க. போகுது, போகுது. போயிடுச்சு.

— இருக்காளா?

— இருக்காங்க. ரெண்டு பேரும் நிக்கறாங்க. சார் வெறுங்கால்ல நடு ரோட்டுல நிக்கறார். என்னமோ சொல்றார். இந்தப் பலகையைக் காட்டறார். அவங்க... அடடா.

— என்ன? என்ன பண்றா?

— குடையை மடக்கி அவர் தோள்ல ஒரு போடு போட்டுட்டாங்க.

— நல்லா போடட்டும். வாங்கிக்கறாரா?

— நகராம வாங்கிக்கறார் டீச்சர். இப்போ பாக்கெட்ல கையை விட்டு எதையோ எடுத்து நீட்டறார்.

— மாஸ்க். எப்பவும் ஒண்ணு கூடுதலா வச்சிருப்பார்... எனக்காக. இந்த மனுஷனை என்னம்மா பண்றது நான்?

— போட்டுக்கறாங்க. ரெண்டு பேரும் வர்றாங்க. கூரை கிட்ட வந்துட்டாங்க பாருங்க, ஃபேனுக்குப் பக்கத்துல. இதோ, கேட்டுக்குள்ள வந்தாச்சு. இப்போ படத்துல யாரும் இல்லை. மரம் மட்டும் ஆடுது.

— ஆமா. மரம் மட்டும்.

— டீச்சர், நான் ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ஓட்டையை இப்படியே விட்டுடறேன். ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிட்டா தூசியும் வராது. குழாயை சுவத்துல துளைச்சுக் கொண்டு போறேன், எனக்கு வேலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இதை அழிக்க எனக்குக் கை வரலை.

— இல்லம்மா. நீ இதையே பெருசாக்கு. படத்துல இருந்தவ படியேறி வர்றா.